ஏற்காட்டுப் புது அறைக்குச் சேலத்துப் பழைய சாமான்கள்: ஒரு மரப்பட்டறையின் வேலை

ஏற்காட்டில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குப் பக்கத்தில் சென்ற ஆண்டு 14 அடிக்கு 12 அடி அளவில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினோம். சேலத்தில் குகை என்னும் பகுதியில் தனியாக வசித்துவந்த என் தாயாருக்கு 82 வயது ஆகிவிட்டது; கைத்தடி இல்லாமல் நடக்க இயலாத நிலையில் அவரை இனியும் அங்கே தனியே விட்டுவைக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டின் படுக்கையறைகளோ மூன்று படிகள் ஏறிப் போகும்படி அமைந்தவை. ஆகவே கூடத்தின் மட்டத்திலேயே, இடறும் நிலைப்படி இல்லாமல், குளியலறையும் சேர்ந்த ஓர் அறை அவருக்கென்று தேவைப்பட்டது.

கட்டட வேலை முடியும் தறுவாயில், அறைக்குள் எதை வைப்பது என்ற பேச்சு எழுந்தது. புதுக் கட்டில் ஒன்றுக்கு மட்டும் சேலத்துக் கடை ஒன்றில் 38,000 ரூபாய் சொன்னார்கள். அம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். தம் கட்டிலும் தம் அலமாரியும் வராத அறைக்குத் தாம் வரப்போவதில்லை என்றார். குகை வீட்டில் இருந்தவற்றைக் கணக்கெடுத்தோம். ஈட்டி மரக் கட்டில், தேக்கு அலமாரி, மூன்று இழுப்பறைகள் கொண்ட எழுதுமேசை, அப்பாவின் சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய நாற்காலிகள் இரண்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், நிலைக்கண்ணாடி மேசை, ஓர் ஊஞ்சல் பலகை ஆகியவை இருந்தன. எல்லாம் நல்ல மரம். ஆனால் ஒன்றாவது பழுதில்லாமல் இல்லை. இவற்றைச் செப்பனிட்டுப் புது அறைக்கு ஏற்றபடி அமைத்துத் தந்த மரப்பட்டறையின் வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுதாகக் கடந்த பிறகு எழுதுவதால், கொண்டுவந்து இறக்கிய நாளின் மகிழ்ச்சியில் சொல்லும் புகழுரையாக இது இருக்காது என்று நம்புகிறேன்.

பட்டறை குகையில், நெசவுத் தறிகளின் ஓசை கேட்கும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தந்தையும் மகனும், உதவிக்கு ஓர் ஆளும் வேலை செய்கிறார்கள். பழைய சாமான்களைப் பழுதுபார்ப்பதும், பாலிஷ் போடுவதும், பிரம்பு பின்னுவதுமே அவர்களுடைய தொழில். புதுச் சாமான் செய்வதில்லை. நான் முதலில் போனபோது சாமான்களின் புகைப்படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். பெரியவர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, அறையைப் பார்க்காமல் விலை சொல்வதற்கில்லை என்று கூறிவிட்டார். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து ஓர் அறையைப் பார்த்துவிட்டுப் போவதற்கு அவர் வாங்கியது போக்குவரத்துச் செலவு 800 ரூபாய் மட்டுமே. அந்த ஒரு நாளின் வேலையை நான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்வாக மதிக்கிறேன். எனவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அன்று அறைக்குத் தரை ஓடு பதித்திருந்தோம். சுவருக்கு வண்ணம் பூசியிருக்கவில்லை. பெரியவர் உள்ளே வந்ததும் அளவுநாடாவை எடுக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், "ராத்திரியில எந்திரிச்சா எந்தப் பக்கம் கால ஊனுவீங்கம்மா? தடி எந்தக் கையில?" என்று கேட்டார். வலக் கையில் தடி, இடப்பக்கமாக இறங்கும் பழக்கம் என்று அம்மா சொன்னார். "அப்ப கட்டிலோட இடப்பக்கந்தான் பாத்ரூமைப் பாத்து இருக்கணும். மத்ததையெல்லாம் அதுக்கப்புறம் பாத்துக்கலாங்க" என்றவர், தாம் கொண்டுவந்திருந்த பழைய செய்தித்தாள்களைக் கட்டிலின் அளவுக்கும் அலமாரியின் அளவுக்கும் மேசையின் அளவுக்கும் ஒட்டி, தரையில் விரித்தார். அந்தத் தாள்களுக்கு இடையே அம்மாவைத் தடியோடு மெல்ல நடக்கவைத்தார். தாளின் ஓரத்தைத் தடி தொட்ட இரண்டு இடங்களில் தாளை நகர்த்தினார். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரையில் மூன்றடி அகலத்துக்கு எதுவும் குறுக்கே வராத வழி கிடைத்த பிறகுதான் சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டார்.

அந்த நடை முடிந்தபோதே ஷோகேஸும் நிலைக்கண்ணாடி மேசையும் அறைக்குள் இடம்பெற முடியாது என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. கூடுதலாக இரண்டு சாமான்கள் வந்தால் பட்டறைக்குக் கூடுதல் வருமானம். இருந்தும் அவற்றை வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவரே. நிலைக்கண்ணாடி மேசையை விட்டுவிட்டு அதன் கண்ணாடியை மட்டும் சட்டத்தோடு கழற்றி, அம்மா உட்கார்ந்து பார்க்கும் உயரத்தில் சுவரில் மாட்டலாம் என்பதும் அவர் யோசனையே. இருக்கும் சாமான்களை வைத்து ஒரு புது அறையை அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரவே பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தோடு செய்திருந்தால் அம்மாவின் அறை சாமான் அறையாகிப் போயிருக்கும்.

கட்டிலைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருந்தது. பழைய கட்டில்கள் உயரமானவை. எங்கள் கட்டிலில் பலகையின் மட்டம் தரையிலிருந்து 19 அங்குலம். அதன்மேல் 6 அங்குலத் தடிமனுள்ள மெத்தை கிடந்தது. 25 அங்குல உயரத்தில் உட்கார்ந்தால் அம்மாவின் பாதங்கள் தரையைத் தொடமாட்டா. காலை அறுத்துக் குறைக்கலாமா என்று நான் கேட்டபோது பெரியவர் அதற்கு உடன்படவில்லை. கடைசல் பிடித்த கால்களை அறுத்தால் அடியில் உள்ள உருளை வடிவம் போய்விடும், பிறகு எக்காலத்திலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்றார். அதற்கு மாறாக, பக்கச் சட்டங்களின் உட்புறத்தில் பலகைகளைத் தாங்கும் ரீப்பர்களைக் கழற்றி 3 அங்குலம் கீழே இறக்கிப் பொருத்தினார். மெத்தையை மாற்றி, 3 அங்குல இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொன்னார். இப்போது உட்கார்ந்தால் ஏறக்குறைய 18 அங்குல உயரம் வருகிறது. அம்மாவின் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கட்டிலில் கைவைத்ததற்கான அடையாளமே தெரியாது. மேலே பழைய ஆணித் துளைகளையும் அடைக்காமல் விட்டிருக்கிறார்; வேண்டுமானால் நாளைக்கு ரீப்பரைப் பழைய இடத்துக்கே ஏற்றிக்கொள்ளலாம்.

அலமாரியில் அவர்கள் காட்டிய தொழிலறிவு இன்னும் ஆழமானது. ஆறடி உயரமுள்ள அந்தத் தேக்கு அலமாரியின் இடக் கதவில், நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடம் கொடுத்து அதைச் சரிசெய்தோம்; அவர் வெடிப்பில் மக்கு அடைத்து, பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கி, மேலே பளபளவென்று மெலமைன் என்னும் செயற்கைப் பிசின் பாலிஷ் அடித்துக் கொடுத்தார். அடுத்த கோடையிலேயே அதே பலகை வேறோர் இடத்தில் வெடித்தது. மரம் தரமில்லாதது என்றே நாங்கள் இதுவரை நினைத்திருந்தோம். குகைப் பட்டறையின் இளையவர் கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை செருகும் பள்ளத்துக்குள், கத்தியின் நுனியை விட்டுப் பார்த்துவிட்டு, காரணத்தை எனக்கு விளக்கினார். மரம் நீளவாக்கில் கூடுவதோ குறைவதோ மிகச் சிறிது. அகலவாக்கில்தான் ஈரக் காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். அதனால்தான் அந்தக் காலத்துத் தச்சர்கள் கதவின் நடுப்பலகையை ஆணியோ பசையோ இல்லாமல் காடிக்குள் சும்மா செருகி வைத்தார்கள். பலகை உள்ளுக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். அதைப் பசை போட்டு இறுக்கியபோது சேலத்து வெயிலில் சுருங்க இடமில்லாமல் பலகை தன்னைத்தானே பிளந்துகொண்டது.

அவர்கள் பசையைச் சுரண்டி எடுத்து, மக்கைத் தோண்டி, வெடித்த இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று மட்டும் ஒட்டி, அதே தேக்கில் ஒரு மெல்லிய சீவலை இடைவெளியில் செருகி, பலகையை மறுபடியும் காடிக்குள் கட்டுப்பாடில்லாமல் விட்டார்கள். இப்போது நடுப்பலகையைக் கைவிரல்களால் அழுத்தினால் இம்மியளவு அசைவது தெரிகிறது. கதவு அப்படி அசைவதைக் கண்டு எவரும் பதற வேண்டியதில்லை.

பாலிஷ் விஷயத்தில் பட்டறைக்காரர்களுக்கு உறுதியான கருத்து இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் அடித்துத் தருவதில்லை. ஒவ்வொரு சாமானிலும் மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். கட்டிலும் மேசையும் பிசுபிசுத்தன. அவற்றில் இருந்தது அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய ஸ்பிரிட் பாலிஷ். அலமாரி பிசுபிசுக்கவில்லை, அது முன்பு அடித்த மெலமைன். கட்டிலின் பழைய பூச்சை அவர்கள் முழுதாகச் சுரண்டவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்து அழுக்கை மட்டும் நீக்கி, பஞ்சை வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, அரக்குக் கரைசலில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துப் புதுப் பூச்சு ஏற்றினார்கள். கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ஈட்டியின் கருஞ்சிவப்புக்குள் ஓடும் கறுப்பு வரிகள், ஐம்பது ஆண்டுகளாக எண்ணெய்த் தலை சாய்ந்து மங்கிக் கிடந்தவை, எட்டாவது பூச்சுக்கு மேல் மெல்ல எழுந்துவந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைப் படமெடுத்து அம்மாவிடம் காட்டியபோது, கல்யாணமாகி வந்த நாளில் கட்டில் இப்படித்தான் இருந்தது என்றார்.

ஸ்பிரிட் பாலிஷுக்கு ஒரு குறை உண்டு. அதையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். எனவே காப்பியும் மாத்திரையும் தண்ணீர்ச் சொம்பும் எந்நேரமும் இருக்கும் மேசையின் மேற்பலகைக்கு மட்டும் மங்கலான பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டு, மற்ற பாகங்களுக்கு அரக்கே போதும் என்று முடிவு செய்தோம். இரண்டுக்கும் நிறவேறுபாடு தெரியாமல் இணைத்திருப்பது கைத்தேர்ச்சிதான்.

நான் முதலில், சாமான்களை ஏற்காட்டுக்கே கொண்டுவந்துவிட்டு, வேலையை எங்கள் வாசலில் வைத்துச் செய்யச் சொன்னேன். அதற்குப் பெரியவர் கூறிய மறுப்பு, மலையில் வீடுள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஈரக் காற்றில் ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் இறங்கிவிடும். காய்ந்ததும் பால் படிந்தாற்போல வெண்மை தெரியும். ஏற்காட்டில் காலைப் பனி இல்லாத நாட்களை எண்ணிவிடலாம். அதனால் பாலிஷ் வேலை அனைத்தும் மாசி, பங்குனி மாதங்களில், சேலத்தின் வறண்ட வெயிலில், பட்டறைக்குள்ளேயே முடிந்தது.

ஆனால் அதே வறட்சிதான் பிறகு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்கு ஒரு மரச்சாமான் வரும்போது, அது வேறொரு காற்றுக்குள் வந்து சேர்கிறது. சித்திரையில் வந்திறங்கிய எழுதுமேசையின் இழுப்பறைகள் ஒரு விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் அவை மெல்ல இறுகத் தொடங்கின. ஆவணியில் நடு இழுப்பறையை என் கணவர் இரு கைகளால் இழுத்தும் அசைக்க முடியவில்லை. அம்மாவின் மருந்துச் சீட்டுகள் அதற்குள் மாட்டிக்கொண்டன. நாங்கள் வருத்தத்தோடு தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. இது வரும் என்று எதிர்பார்த்திருந்ததாகவும், பேசிய கூலியிலேயே மழைக்காலத்தில் ஒருமுறை மேலே வந்துபோவதும் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார்கள். முதல்நாள் எழுதித் தந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன்; 'மழைக்கு ஒரு நடை' என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. அந்த வரியின் பொருள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இளையவர் புரட்டாசி முதல் வாரத்தில் வந்தார். மேசையின் பின்பலகையைக் கழற்றி, இழுப்பறையைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுத்தார். அதன் பக்கங்களில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மறுபடியும் செலுத்தி இழுத்தார். உராயும் இடத்தில் மட்டும் சுண்ணம் அழிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டுமே இழைப்புளியை வைத்து, தாளைப் போன்ற இரண்டு சீவல்களை எடுத்தார். மூன்றாவது சீவலை எடுக்கும்படி நான் கேட்டேன், மறுத்துவிட்டார். "இப்ப ஈரத்துல உப்பியிருக்குங்க. இப்பவே லூசா எடுத்துட்டா மாசியில ஆடும்" என்றார். பிறகு, முன்பு பூச்சில்லாமல் வெறும் மரமாக விடப்பட்டிருந்த உட்பக்கங்களுக்கும் அடிப்பலகைக்கும் அரக்குக் கரைசலை இரண்டு முறை தடவினார். நல்வாய்ப்பாக அன்று காலையிலிருந்து வெயில் அடித்தது. இருந்தாலும் ஓர் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுப் பக்கத்தில் வைத்து, அறையைச் சூடாக்கிக்கொண்ட பிறகே கரைசல் புட்டியைத் தூரத்தில் வைத்துத் திறந்தார். பூச்சு ஈரத்தை முழுதாகத் தடுக்காது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மெதுவாக்கும், அதனால் மரம் திடீரென்று உப்பாது என்று விளக்கினார். கடைசியாக இழுப்பறை ஓடும் கட்டைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அந்த இழுப்பறை தாண்டிவிட்டது. இப்போது தையில் இழுத்தாலும் ஆடவில்லை.

உட்பக்கப் பூச்சைப் பட்டறையிலேயே முதலில் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, கேட்டேன். இழுப்பறையின் உட்புறத்தைப் பூசாமல் விடுவது சேலத்து வழக்கம் என்றும், மலைக்குப் போகும் சாமான் என்பதால் பூசியிருக்க வேண்டும் என்றும், அது தங்கள் தவறே என்றும் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன் என்றாலும், வாரக்கணக்கில் அம்மாவின் மருந்துச் சீட்டுகள் இல்லாமல் அல்லற்பட்டதும் உண்மைதான்.

இனி அறையின் அமைப்புக்கு வருகிறேன். புதிதாகக் கட்டிய அறையில் பழைய மரத்துக்கு முதல் எதிரி புதுச் சுவர்தான். சிமெண்டுப் பூச்சு வெளியே காய்ந்தாற்போலத் தெரிந்தாலும் உள்ளே பல மாதங்களுக்கு ஈரத்தை வைத்திருக்கும். மலையில் இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கும். சாமான்களை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஓரடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்க்கும்படி பெரியவர் சொல்லியிருந்தார். கிழக்குச் சுவரில் ஒட்டிய தாளின் உட்புறம் நீர் முத்துமுத்தாகத் திரண்டிருந்தது. கூடத்தை ஒட்டிய மேற்குச் சுவரில் எதுவும் இல்லை. ஆகவே கிழக்குச் சுவரோரம் நிற்கவேண்டிய அலமாரி மேற்குச் சுவருக்கு மாறியது. அங்கும் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளியே நிற்கிறது. அதன் பின்பலகையில் மேலும் கீழும் விரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகள் போட்டுக் காற்றோட்டம் கொடுத்திருக்கிறார்கள். இந்த மழையில் எங்கள் மற்ற அறைகளின் பீரோக்களில் துணிகள் பூஞ்சை பிடித்தன. அம்மாவின் புடவைகளில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

சுவருக்கு நான் இளம்பச்சை பூச விரும்பினேன். சன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளும், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுமாக முழுவதும் பச்சைதான். பனி மூடிய நாட்களில் அறைக்குள் வரும் வெளிச்சமும் சாம்பல் நிறமாகவே இருக்கும். அந்த வெளிச்சத்தில் கருஞ்சிவப்பு ஈட்டிக் கட்டிலைப் போட்டால் அறை இருண்டு போகும் என்று இளையவர் எச்சரித்து, தலைமாட்டுப் பலகையைச் சுவரோரம் சாய்த்து, அதன் பின்னால் வெவ்வேறு நிறத் துணிகளைப் பிடித்துக் காட்டினார். சந்தன நிறத் துணியின் முன்னால்தான் மரம் தனித்து எழுந்தது. அந்த நிறத்தையே பூசினோம். மங்கலான மாலைகளில்கூட அறைக்குள் ஒரு வெதுவெதுப்பு இருப்பதுபோல இருக்கிறது. திரைச்சீலைக்கு அம்மாபேட்டையில் வாங்கிய, கரை மட்டும் அரக்கு நிறத்தில் உள்ள வெள்ளைப் பருத்தித் துணியைத் தைத்துப் போட்டிருக்கிறேன். கனமான துணி மலையில் காயாது.

மேசையைச் சன்னலுக்கு நேர் கீழே வைக்கவேண்டும் என்பது என் ஆசை. சன்னல் அடிக்கட்டும் மேசையும் ஒரே 30 அங்குல உயரம். சாரல் அடித்தால் பாலிஷ் கெடும் என்று ஓரடி விலக்கிப் போட்டார்கள். சரியான முடிவு. பவானி ஜமுக்காளம் ஒன்று வீட்டில் இருந்தது; சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட அந்தத் தடித்த ஜமுக்காளத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரிக்க நினைத்தேன். தடியின் நுனி அதன் விளிம்பில் சிக்கினால் என்ன ஆகும் என்று பெரியவர் கேட்டதும் சுருட்டி எடுத்துவிட்டேன். அது இப்போது கட்டிலின் மேல்விரிப்பாக இருக்கிறது. தரைக்கு வராமலேயே அறைக்கு வண்ணம் தருகிறது.

பிரம்பு நாற்காலிகளைத் தனியே குறிப்பிட வேண்டும். இரண்டின் இருக்கைகளும் கிழிந்து, ஒன்றில் நைலான் வயர் பின்னியிருந்தது. அவர்கள் வயரை அகற்றி, சட்டத்தின் துளைகளில் அடைந்திருந்த பழைய பிரம்புத் துண்டுகளைக் குத்தி எடுத்து, நீரில் ஊறவைத்த புதுப் பிரம்பிழையை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஆறு முறை ஓட்டிப் பின்னினார்கள். கண்கள் எல்லாம் ஒரே அளவிலான எண்கோணங்களாக விழுந்திருக்கின்றன. ஈரமாகப் பின்னியது காய்ந்ததும் மேளத்தோல் போல இறுகிவிட்டது. ஒரு நாற்காலிக்கு மூன்று நாட்கள் பிடித்தன. கூலி 2,200 ரூபாய். இந்த வேலைக்கு அந்தப் பணம் குறைவு என்றே சொல்வேன். சாய்வு நாற்காலிக்குக் கித்தான் மட்டும் மாற்றினார்கள்; அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் தருவதாகச் சொன்ன சாமான்கள் சித்திரை மூன்றாம் வாரத்தில்தான் வந்தன. அதற்குள் அம்மாவை இரண்டு வாரம் உறவினர் வீட்டில் வைத்திருக்க நேர்ந்தது. தாமதமாகும் என்று அவர்களாக ஒருமுறைகூடத் தெரிவிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நானே அழைத்துக் கேட்டேன். அலமாரியின் பித்தளைக் கைப்பிடி ஒன்று பட்டறையில் தொலைந்துபோனது. அதற்கு ஈடாக வேறு வடிவத்தில் ஒன்றை மாட்டியிருந்தார்கள். நான் சுட்டிக்காட்டிய பிறகு செவ்வாய்ப்பேட்டையில் தேடி ஏறக்குறைய ஒத்த ஒன்றை வாங்கிப் போட்டார்கள் என்றாலும், கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது. அம்மாவின் கை நாள்தோறும் படும் கைப்பிடி அது. ரசீது தருவதில்லை; கைப்பட எழுதிய சீட்டுதான். வண்டியை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; 'சின்ன யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தோம். முதல் நடையில் கயிறு உராயும் இடத்தில் சாக்கு வைக்காமல் கட்டியதால், வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் கயிறு அறுத்து, கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் பாலிஷ் விரலளவு போய்விட்டது. ஏற்றிவிட்டவர்கள் பட்டறை ஆட்கள்தான். மழைக்கு வந்த நடையில் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள்.

மொத்தச் செலவு வண்டி வாடகை நீங்கலாக 43,600 ரூபாய். இதில் அலமாரிக்கு மட்டும் 14,000, கட்டிலுக்கு 11,500, எஞ்சியது மேசைக்கும் நாற்காலிகளுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஆனது. இலவம்பஞ்சு மெத்தை தனிச்செலவு. முன்பணமாகப் பாதியையும், சாமான் வந்திறங்கிய பின் கால் பகுதியையும் வாங்கிக்கொண்டு, கடைசிக் கால் பகுதியை மழைக்கு வந்துபோன பிறகே பெற்றுக்கொண்டார்கள். அவசரமாக வேலை முடிய வேண்டியவர்களுக்கும், கண்ணாடி போல மின்னும் பாலிஷ் விரும்புகிறவர்களுக்கும் இந்தப் பட்டறை ஒத்துவராது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் தை பிறந்ததும் கொடுத்துவிட்டால், கோடை மழைக்கு முன்பு சாமான்கள் கைக்கு வரும். இழுப்பறைகளின் உட்புறத்துக்கும் பூச்சு வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

குகை வீட்டில் ஊஞ்சல் பலகை ஒன்றுதான் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஐந்தடி நீளமுள்ள ஒற்றைப் பலகை. ஒரு முனையில் உளுத்து மாவு கொட்டுகிறது. அம்மாவின் அறையில் அதைத் தொங்கவிட இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் சென்ற வாரம் பேசும்போது பெரியவர், உளுத்த ஓரடியை வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் நாலடியில் இரண்டு கால்கள் பூட்டி, அறைக்கு வெளியே வராந்தாவில் வெயில் விழும் இடத்தில் போட 18 அங்குல உயரத்துக்கு ஒரு பெஞ்சு செய்யலாம் என்றார். அம்மாவிடம் கேட்டேன். சங்கிலி மாட்டும் பித்தளை வளையங்களை மட்டும் கழற்றாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்றார். வருகிற திங்கட்கிழமை பலகை பட்டறைக்குப் போகிறது.